ஊசியும் அச்சமும்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு நாள். எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவர்கள் திருகு அளவியைக் கொண்டு கம்பியின் விட்டத்தை அளந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் மெல்ல என்னருகில் வந்து, "சார், இவனை நாய் கடிச்சிருக்கு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்கிறான்" என்று தன் கூட்டாளியைக் காட்டினான்.

கூட்டாளியை அழைத்துக் கேட்டேன். மூன்று நாட்களுக்கு முன் தெருநாய் ஒன்று அவன் கெண்டைக்காலைக் கவ்வியிருக்கிறது. பல் மேலாகக் கீறியிருந்தது. இரத்தம் வரவில்லை. "ஊசி போட்டுக்கொண்டாயா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். வீட்டிலும் சொல்லவில்லையாம். "தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடுவாங்களாமே சார்" என்றான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

வெறிநாய்க்கடி நோயைப் பற்றி நீங்கள் அறிந்திருப்பீர்கள். நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பவர் அநேகமாக இல்லை. அறிகுறி தோன்றுவதற்கு முன் தடுப்பூசி போட்டுக்கொண்டாலோ, அநேகமாக எல்லாரையும் காப்பாற்றிவிடலாம். ஒரு பக்கம் உயிர். மறுபக்கம் நொடிப்பொழுது வலி. தராசில் வைத்துப் பார்த்தால் எது கனமானது என்பதில் ஐயமே இல்லை. ஆயினும் அறிவியல் பயிலும் ஓர் இளைஞனால் அந்தத் தராசைப் பார்க்க முடியவில்லை. ஏன்?

அவனைக் கோழை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது விடையாகாது. ஊசியின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், இந்த அச்சம் எங்கிருந்து வந்தது, அதை எவ்வாறு கையாளலாம் என்பது விளங்கும். அதைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

குதிருக்குள் ஒளிந்த சிறுமி

உங்கள் வீட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய பெரியவர் யாரேனும் இருந்தால், அவருடைய மேற்கையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். காசு அளவில் வட்டமான தழும்பு ஒன்றோ இரண்டோ இருக்கக் காண்பீர்கள். அவை பெரியம்மைக்குத் தடுப்பாக அம்மை குத்திய தழும்புகள். என் பாட்டிக்கு இரண்டு தழும்புகள் உண்டு. அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வருகிறார் என்று தெரிந்ததும், எட்டு வயதுச் சிறுமியாக இருந்த பாட்டி நெற்குதிருக்குள் இறங்கி ஒளிந்துகொண்டாராம். குதிரின் வாய் வழியே கையை விட்டு அவருடைய அப்பா தூக்கி வெளியே எடுத்ததை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லுவார்.

பாட்டி அஞ்சியதில் நியாயம் இருந்தது. அந்நாளில் நம் நாட்டில் அம்மை குத்தப் பயன்பட்ட கருவி, இன்று நாம் காணும் ஊசியன்று. ஒரு சிறு உலோகத் தண்டின் முனையில் வட்டமான தகடு. அதில் கூரிய பற்கள். கையின் தோல்மேல் அம்மைப்பாலை ஒரு துளி வைத்து, அதன்மேல் இப்பற்களை அழுத்தித் திருகுவார்கள். தோல் கிழிந்து மருந்து உள்ளே செல்லும். ஒரே கையில் இரண்டு மூன்று இடங்களில் இவ்வாறு திருகுவதும் உண்டு. பிறகு அவ்விடம் புண்ணாகிச் சீழ் பிடித்து, பொருக்கு உதிர்ந்து ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஊரிலுள்ள பிள்ளைகள் வைக்கோற்போருக்குப் பின்னால் ஓடியதில் வியப்பு ஏது?

இன்னொரு சிறுவனின் கதையையும் கேளுங்கள். 1757-இல் இங்கிலாந்தில், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அம்மை குத்தினார்கள். அக்காலத்தில் பசுவம்மைப் பால் வழக்கத்துக்கு வரவில்லை. பெரியம்மை கண்ட ஒருவரின் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரையே நலமாக உள்ளவரின் தோலைக் கீறித் தடவுவார்கள். பெரும்பாலோருக்கு இலேசாக அம்மை வார்த்துத் தணிந்துவிடும். சிலர் இறப்பதும் உண்டு. இதற்கு முன்னேற்பாடாக அச்சிறுவனை வாரக்கணக்கில் அரைப்பட்டினி போட்டு, பேதிக்குக் கொடுத்து, உடலிலிருந்து இரத்தமும் வடித்தார்கள். அம்மை குத்திய பிறகு, மற்றப் பிள்ளைகளோடு ஒரு தொழுவத்தில் அடைத்து வைத்தார்கள். அத்துன்பத்தை அச்சிறுவன் நெடுநாள் மறக்கவில்லை. அவன்தான் எட்வர்டு ஜென்னர்.

அதே ஜென்னர் மருத்துவராகி, 1796-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள், பால் கறக்கும் பெண் ஒருத்தியின் கையில் கண்டிருந்த பசுவம்மைக் கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து, ஜேம்சு பிப்சு என்ற எட்டு வயதுச் சிறுவனின் கையில் கீறிச் செலுத்தினார். பின்னர் பெரியம்மைச் சீழைச் செலுத்திப் பார்த்தபோதும் அவனுக்கு நோய் வரவில்லை. பட்டினியும் தொழுவமும் இல்லாத, உயிருக்கு ஆபத்து மிகக் குறைந்த தடுப்புமுறை பிறந்தது. ஆறே ஆண்டுகளில், கைக்குக் கை மாறி, கான்ஸ்டான்டிநோபிள், பாக்தாத், பாஸ்ரா வழியாக அது பம்பாய் வந்து சேர்ந்தது. 1802-ஆம் ஆண்டு சூன் 14-ஆம் நாள், அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு இந்தியாவின் முதல் அம்மைப்பால் குத்தப்பட்டது. பிறகு கன்றுகளின் தோலில் அம்மைப்பாலை வளர்த்தெடுக்கும் முறை வந்தது. சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையம் இவ்வாறு அம்மைப்பால் தயாரிப்பதற்காகவே தோன்றியது.

மருந்து இவ்வளவு முன்னேறியது. ஆனால் அதை உடலுக்குள் செலுத்தும் கருவியோ, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கீறும் கத்தியாகவும் திருகும் பற்களாகவுமே இருந்தது. வலியைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் மருத்துவர்களுக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை போலும்.

கவை ஊசி

1960-களில் அமெரிக்காவில் பெஞ்சமின் ரூபின் என்பவர் ஒரு சிறு மாற்றம் செய்தார். தையல் எந்திர ஊசியின் காதை எடுத்துக்கொண்டார். அக்காதின் நுனியைத் தேய்த்துவிட்டால் என்ன கிடைக்கும்? இரண்டு முனைகள் கொண்ட சிறு கவை கிடைக்கும், கவட்டைக் குச்சியைப் போல. அதை மருந்தில் தோய்த்து எடுத்தால், பரப்பு இழுவிசையின் காரணமாக இரு முனைகளுக்கும் இடையில் மிகச் சிறிய துளி ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். அதுவே ஒருவருக்குப் போதுமான மருந்து! தோலின் மேற்பரப்பில் சிறு வட்டத்துக்குள் 15 முறை விரைவாகக் குத்தினால் வேலை முடிந்தது. முன்பு 25 பேருக்குப் போதுமானதாக இருந்த மருந்து இப்போது 100 பேருக்குப் போதுமானதாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாதவரும் சில நிமிடங்களில் இதைக் கற்றுக்கொள்ள முடிந்தது. திருகும் பற்களைவிட வலியும் புண்ணும் வெகு குறைவு.

உலக சுகாதார நிறுவனம் 1968 முதல் இக்கவை ஊசியைப் பெரிய அளவில் பயன்படுத்தியது. நம் நாட்டிலும் பற்கருவி மறைந்து கவை ஊசி வந்தது. 1975 மே மாதத்தில் அஸ்ஸாமில் கண்ட பெரியம்மையே இந்தியாவின் கடைசிப் பெரியம்மை. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடிப் பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்டுள்ள ஒரு நோயை முடித்துவைத்ததில், பரப்பு இழுவிசைக்கும் ஒரு பங்குண்டு என்பதை இயற்பியல் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

மெர்க்கா நகரத்துச் சமையற்காரர்

இனி, இவ்வரலாற்றின் கடைசிப் பக்கத்துக்கு வருவோம். 1977 அக்டோபர் மாதம். ஆப்பிரிக்காவில் சோமாலியா நாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் பெரியம்மை இல்லை. அந்நாட்டின் மெர்க்கா என்ற கடற்கரை நகரத்து மருத்துவமனையில் சமையற்காரராக வேலை பார்த்தவர் அலி மாவ் மாலின். வயது 23. அக்டோபர் 12 அன்று, பெரியம்மை கண்ட இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி அங்கே வந்தது. அவர்களைத் தனிமைப்படுத்தும் முகாமுக்கு வழி தெரியவில்லை. மாலின் வண்டியில் ஏறி வழிகாட்டினார். சில நிமிடப் பயணம்தான். பத்து நாள் கழித்து அவருக்குக் காய்ச்சல் கண்டது. அக்டோபர் 26 அன்று கொப்புளங்கள் தோன்றின. முதலில் மலேரியா என்றும், பிறகு சின்னம்மை என்றும் கருதினார்கள். உண்மையில் அது பெரியம்மை.

மருத்துவமனையில் வேலை செய்பவர் அம்மை குத்திக்கொள்ளாமல் இருந்தது எப்படி? அதிலும் மாலின் முன்பு சிறிது காலம் அம்மை குத்தும் பணியிலேயே இருந்தவர்! பல ஆண்டுகள் கழித்து அவரே காரணத்தைச் சொன்னார். ஊசி வலிக்கும்போல் தோன்றியது. அதனால் பயந்து போட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவுதான்.

ஒருவரின் இச்சிறு அச்சத்துக்காக நகரமே கிடுகிடுத்தது. அவரோடு பழகியவர்களையெல்லாம் தேடிப் பிடித்தார்கள். மருத்துவமனையை மூடினார்கள். இரண்டு வாரங்களில் 50,000-க்கும் மேற்பட்டோருக்கு அம்மை குத்தினார்கள். நற்பேறாக, மாலினிடமிருந்து யாருக்கும் நோய் பரவவில்லை. அவரும் பிழைத்தார். ஆனால் அவரோடு வண்டியில் வந்த சிறுமி இறந்துபோனாள். இயற்கையாகப் பெரியம்மை தொற்றியவர்களில் உலகிலேயே கடைசி மனிதர் என்று மாலினின் பெயர் வரலாற்றில் நிலைத்துவிட்டது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து கிருமி தப்பி ஒருவர் இறந்தார்; அதன்பின் யாருக்கும் அந்நோய் இல்லை. 1980 மே 8 அன்று பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை அறிவித்தது.

மூவாயிரம் ஆண்டுகளாக மனித குலத்தை வாட்டிய நோயின் கடைசிக் கண்ணி, ஊசிக்குப் பயந்த ஒருவர் என்பதை எண்ணிப் பாருங்கள். தடுப்பூசிப் பணியில் ஊசியச்சம் ஒரு சிறு விஷயமன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

வலியைப் போக்க வந்த ஊசி

பெரியம்மை ஊசிக்குத் துளை கிடையாது. இன்று நாம் காணும் துளையுள்ள ஊசியின் கதை வேறு. அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிரான்சிஸ் ரிண்டு என்ற மருத்துவர் 1844-இல், முகத்தில் தாங்க முடியாத நரம்பு வலியால் துடித்த பெண் ஒருவருக்கு, தோலுக்கடியில் குழல் ஒன்றைச் செருகி வலிநீக்கும் மருந்தை இறங்கச் செய்தார். 1853-இல் ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் உட்டு, பிரான்சின் சார்லஸ் பிரவாஸ் ஆகிய இருவரும் தனித்தனியே துளையூசியோடு கூடிய பீச்சுக்குழலை உருவாக்கினார்கள். இதைத்தான் சிரிஞ்சு என்கிறோம். உட்டும் அதை வலி நீக்குவதற்கே பயன்படுத்தினார். வலியின் அடையாளமாக நாம் கருதும் ஊசி, வலியைப் போக்குவதற்காகவே பிறந்தது என்பது வேடிக்கையல்லவா?

பிறகு அது தடுப்பூசிக்கும் வந்தது. 1885 சூலை 6 அன்று, வெறிநாய் கடித்த ஜோசப் மீஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு, பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் தம் மருந்தை ஊசி வழியே செலுத்தச் செய்தார். பத்துப் பதினோரு நாட்களில் 13 ஊசிகள், வயிற்றுத் தோலில். சிறுவன் பிழைத்தான். என் மாணவன் அஞ்சிய "தொப்புளைச் சுற்றி" ஊசியின் தொடக்கம் இதுவே. பிற்காலத்தில் நம் நாட்டில் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்தை நாள்தோறும் வயிற்றில் போட்டு வந்தார்கள். அதன் தயாரிப்பு 2004-ஆம் ஆண்டோடு இந்தியாவில் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்று போடுவது திசு வளர்ப்பு முறையில் தயாராகும் தூய மருந்து. போடும் இடம் வயிறன்று, மேற்கை. தோலுக்குள் போடும் முறையில் நான்கு நாட்கள் மட்டும் சென்றால் போதும்: முதல் நாள், பின்னர் அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்கள். காயத்தில் இரத்தம் கசிந்திருந்தால் மட்டும், காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் முதலில் தேவைப்படும்.

ஊசி மாறிவிட்டது. அச்சமோ மாறாமல் பாட்டி கதையாக வழிவழி வருகிறது. "சேட்டை பண்ணினா டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று நாம் குழந்தைகளை மிரட்டும் ஒவ்வொரு முறையும் அக்கதைக்கு உயிரூட்டுகிறோம்.

ஊசியின் இயற்பியல்

ஊசி ஏன் கூராக இருக்க வேண்டும்? அழுத்தம் என்பது ஒரு பரப்பின்மேல் செயல்படும் விசையை அப்பரப்பால் வகுத்துக் கிடைப்பது என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். 1 நியூட்டன் விசையை, அதாவது ஏறத்தாழ 100 கிராம் எடையை, 1 சதுர சென்டிமீட்டர் பரப்பில் வைத்தால் தோல் அதைப் பொருட்படுத்தாது. அதே விசையை 0.01 சதுர மில்லிமீட்டர் முனையில் குவித்தால் அழுத்தம் 10,000 மடங்காகிறது. தோல் எளிதில் வழிவிடுகிறது. முனை மழுங்கினால் பரப்பு கூடும். அதே அழுத்தத்துக்கு அதிக விசை வேண்டும். தோல் குழிந்து, இழுபட்டு, கிழியும். வலியும் கூடும்.

உங்கள் பெற்றோரின் இளமைக் காலத்தில் கண்ணாடிச் சிரிஞ்சும் எஃகு ஊசியுமே வழக்கம். அவற்றைக் கொதிநீரில் போட்டு எடுத்து, ஒரே ஊசியை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவார்கள். மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்டிக்கொள்வார்கள். அந்த ஊசி வலித்தது என்று பெரியவர்கள் சொன்னால் நம்புங்கள். 1956-இல் நியூசிலாந்தின் காலின் மர்டாக் ஒரு முறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் சிரிஞ்சுக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் முறை பயன்படுத்தவே முடியாதபடி தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சுகளையே தடுப்பூசிக்குக் கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் பிற ஐ.நா. அமைப்புகளும் 1999-இல் வலியுறுத்தின. ஆகவே இன்று உங்கள் கையில் இறங்கும் ஊசி, அதுவரை யார் தோலையும் தொடாத புதுக் கூர்முனை கொண்டது. வழுக்கிச் செல்வதற்காக அதன்மேல் மெல்லிய சிலிக்கோன் பூச்சும் உண்டு.

ஊசியின் பருமனைக் 'கேஜ்' என்ற எண்ணால் குறிப்பார்கள். இது கம்பி இழுக்கும் தொழிலிலிருந்து வந்த கணக்கு. எண் பெரிதானால் ஊசி மெல்லியது. 21 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் 0.8 மில்லிமீட்டர், 25 கேஜ் ஊசிக்கு 0.5 மில்லிமீட்டர். எங்கள் மாணவர்கள் திருகு அளவியால் அளக்கும் கம்பிகளின் பருமன்தான்!

அப்படியானால் எல்லாருக்கும் மிக மெல்லிய ஊசியையே போடலாமே என்று கேட்பீர்கள். இங்கே புவாசெல் குறுக்கிடுகிறார். நுண்குழாயில் ஒரு நொடியில் பாயும் நீர்மத்தின் அளவு ஆரத்தின் நான்காம் படிக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்று அவர் 1840-களில் கண்டறிந்தார். 25 கேஜ் ஊசியின் உட்துளை 21 கேஜ் துளையில் ஏறத்தாழப் பாதி. பாதியின் நான்காம் படி பதினாறில் ஒரு பங்கு. அதாவது அதே அழுத்தத்தில் மருந்து 16 மடங்கு மெதுவாக இறங்கும். எனவே மருந்தின் அளவு, அடர்த்தி, போடும் இடம் ஆகியவற்றைப் பார்த்து ஊசியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நற்பேறாக, பெரும்பாலான தடுப்பூசிகளின் அளவு அரை மில்லிலிட்டர்தான். ஆதலால் மெல்லிய ஊசியே போதும். ஓரிரு நொடிகளில் முடிந்துவிடும்.

மயக்கம் ஏன் வருகிறது?

சிங்கத்தைக் கண்டு அஞ்சினால் நெஞ்சு படபடக்கும். இரத்த அழுத்தம் ஏறும். ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ உடல் ஆயத்தமாகிறது. ஊசிக்கு அஞ்சுவோர் பலரிடம் நடப்பது வேறு. முதலில் படபடப்பு, அடுத்து, வேகஸ் என்னும் நரம்பின் தூண்டுதலால் இதயத் துடிப்பு குறைகிறது, இரத்தக் குழாய்கள் விரிகின்றன, இரத்த அழுத்தம் சட்டென்று விழுகிறது. மூளைக்குப் போதிய இரத்தம் செல்லாமல் கண் இருட்டுகிறது. இது நடிப்போ கோழைத்தனமோ அன்று. உடலின் அனிச்சைச் செயல். சில குடும்பங்களில் வழிவழியாகவும் காணப்படுகிறது. ஆறடி உயரமுள்ள விளையாட்டு வீரரும் இதனால் விழுவதுண்டு.

ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிஞர்கள், வளரிளம் பருவத்தினரில் 100-க்கு 20 முதல் 50 பேருக்கும், இளைஞர்களில் 20 முதல் 30 பேருக்கும் ஊசியச்சம் இருப்பதாக 2019-இல் தெரிவித்தார்கள். கொரோனாக் காலத்தில் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் 15,000-க்கும் மேற்பட்டவர்களை விசாரித்தனர். நால்வரில் ஒருவருக்கு இவ்வச்சம் இருந்தது. தடுப்பூசிக்குத் தயங்கியவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினரின் தயக்கத்துக்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் 2021-இல் கணக்கிட்டார்கள். எனவே இதைப் படிக்கும் உங்களுக்கு அச்சம் இருந்தால், நீங்கள் தனியாக இல்லை.

அஞ்சுவோர் செய்யத்தக்கவை

சுவீடன் நாட்டின் உளவியலறிஞர் லார்ஸ்-கோரன் ஓஸ்ட்டு என்பவர் 1980-களில் எளிய பயிற்சி ஒன்றை வகுத்தார். இரத்த அழுத்தம் விழுவதுதான் சிக்கல் என்றால், அதை ஏற்றினால் போதுமல்லவா? கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 நொடி வரை இறுக்கிப் பிடியுங்கள். முகத்தில் சூடு ஏறுவது தெரியும். பிறகு 20, 30 நொடி இயல்பு நிலைக்குத் தளர்த்துங்கள். இப்படி ஐந்து முறை. தசைகள் இறுகும்போது சிரைகளை நெருக்கி இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பித் தள்ளுகின்றன, அழுத்தம் ஏறுகிறது. வீட்டில் சில நாள் பழகிக்கொண்டு, ஊசி போடும் இடத்தில் செய்யலாம். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொள்ள வேண்டும். இறுகிய தசையில் ஊசி வலிக்கும். இரத்தக் கொதிப்போ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்வது நல்லது.

முன்பு மயங்கி விழுந்தவர்கள் அதை முன்கூட்டியே செவிலியரிடம் சொல்லிப் படுத்துக்கொண்டு போட்டுக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கும்போது மூளை இதயத்தைவிடச் சுமார் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயர இரத்தத் தம்பத்தின் அழுத்தம் ஏறக்குறைய 23 மில்லிமீட்டர் பாதரசம். படுத்த மாத்திரத்தில் அந்த இழப்பு நீங்கிவிடுகிறது. இதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. இது வெறும் நீர்ம நிலையியல்.

அடுத்து வலி. அடிபட்ட இடத்தை நாம் ஏன் தேய்த்துவிடுகிறோம்? 1965-இல் மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் இதற்கு விளக்கம் தந்தார்கள். தண்டுவடத்தில் வலிச் செய்திக்கு ஒரு வாயிற்கதவு இருப்பதாகக் கொள்ளலாம். தொடுதல், அழுத்துதல் ஆகிய செய்திகள் முந்திச் சென்றால் கதவு சற்று மூடிக்கொள்கிறது. கவனம் வேறிடத்தில் இருந்தாலும் அப்படியே. ஆகவே துணைக்கு வந்தவரோடு பேசுங்கள், பாட்டுக் கேளுங்கள், எதிர்ச்சுவரில் உள்ளதைப் படியுங்கள். ஊசியைப் பார்ப்பதும் பார்க்காமலிருப்பதும் உங்கள் விருப்பம். போட்டபின் கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். உலக சுகாதார நிறுவனம் 2015-இல், தடுப்பூசியின் வலியைக் குறைப்பது பற்றித் தன் பரிந்துரைகளை வெளியிட்டது. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஊசி போடச் சொல்லலாம். சற்று வளர்ந்த குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து அணைத்துக்கொள்ளலாம். பல ஊசிகள் இருந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போட வேண்டும். "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்லாதீர்கள். அடுத்த முறை குழந்தை உங்களை நம்பாது. "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், எண்ணி முடிக்கறதுக்குள்ள போயிடும்" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

இவற்றுக்கெல்லாம் அடங்காத கடும் அச்சம் சிலருக்கு உண்டு. அவர்கள் உளவியல் மருத்துவரை நாடலாம். முதலில் ஊசியின் படம், பிறகு மூடியிட்ட சிரிஞ்சு, பிறகு பிறருக்குப் போடுவதைக் காணல் என்று படிப்படியாகப் பழக்குவார்கள். பலர் சில மணி நேரப் பயிற்சியிலேயே தேறிவிடுவதாக ஓஸ்ட்டின் ஆய்வுகள் காட்டின.

மீண்டும் அம்மாணவன்

அன்று பிற்பகலே அவனை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் சென்றேன். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும் என்று அங்கே மருத்துவர் அவனைக் கடிந்துகொண்டார். ஊசி வயிற்றில் இல்லை, கையில்தான் என்றதும் அவன் முகம் தெளிந்தது. ஆனால் சிரிஞ்சைக் கண்டதும் வெளுத்துப்போனான். செவிலியர் அம்மா அவனைப் பெஞ்சில் படுக்கச் சொன்னார். நான் தசைகளை இறுக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் முறை இறுக்கித் தளர்த்துவதற்குள் இரு கைகளிலும் ஊசி போட்டாகிவிட்டது. "போட்டாச்சா சார்?" என்று கேட்டான். இரண்டாம் முறை நண்பனோடு போனான். 28-ஆம் நாள் தனியாகவே போய்வந்து, சீட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். அச்சம் போய்விட்டதா என்று கேட்டேன். "இருக்கு சார். ஆனா போயிட்டு வந்திடலாம்" என்றான். அதற்குமேல் என்ன வேண்டும்?

அலி மாவ் மாலினுக்கும் இதுவே நேர்ந்தது. பிற்காலத்தில் அவர் தம் நாட்டில் போலியோ ஒழிப்புப் பணியில் சேர்ந்தார். சொட்டு மருந்து வேண்டாம் என்று மறுத்த தாய்மார்களிடம் சென்று, தாம் ஊசிக்குப் பயந்ததையும், அதனால் பட்ட பாட்டையும் மறைக்காமல் சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டுப் பலர் மனம் மாறினார்கள். 2013-இல் சோமாலியாவில் போலியோ மீண்டும் தலைகாட்டியபோது அப்பணியில் ஈடுபட்டிருந்த அவர், மலேரியாக் காய்ச்சல் கண்டு சூலை 22 அன்று காலமானார்.

தம் அச்சத்தை ஒளிக்காமல் சொன்னதால்தான் அவரால் பிறர் அச்சத்தைப் போக்க முடிந்தது. வாசகர்களே, உங்களுக்கோ உங்கள் வீட்டிலுள்ளவர்களுக்கோ ஊசியச்சம் இருந்தால் அதை மறைக்காதீர்கள், நகையாடவும் செய்யாதீர்கள். ஊசி போடுகிறவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். மீதியை அவரும் நீங்களுமாகப் பார்த்துக்கொள்ளலாம்.